ஒல்லாந்தர் விட்டுப்போன பெட்டி

பூநகரிக் கோட்டையைப் பார்க்க முத்துலிங்கம் வந்து இறங்கியபோது கையில் குறிப்புப் புத்தகமும் அளவு நாடாவும் வைத்திருந்தார். மூக்கில் கண்ணாடி. கண்ணில் ஒரு குறையும் கிடையாது. ஆராய்ச்சிக்காரர் என்றால் கண்ணாடி போட்டிருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

உண்மையில் அவருக்கு வவுனியாவில் பழைய சாமான் வியாபாரம். குத்துவிளக்கு, பித்தளைச் செம்பு என்று ஊர் ஊராக வாங்கிக் கொழும்பு ஹோட்டல்களுக்கு விற்பவர். பூநகரியில் டச்சுக்காரரான ஒல்லாந்தரின் பெட்டி ஒன்று மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது என்ற கதை அவருடைய கடைக்கு வந்து ஒரு மாதம். அந்த ஒரு மாதமும் மனிதருக்கு ஒழுங்கான நித்திரை இல்லை.

எழுபத்தெட்டாம் ஆண்டு வைகாசி. வெய்யில் அனலாய் எரித்தது. கோட்டைக் காவல்காரர் அப்புத்துரை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். கோட்டை பார்க்க ஆள் வருவதே அருமை. வந்தவர் புத்தகம் எழுதப்போகிறார் என்றதும் வாயெல்லாம் பல்.

“வாங்கோ ஐயா, வாங்கோ. இது முதலிலை போர்த்துக்கேயன் கட்டினது. பிறகு ஒல்லாந்தன் பிடிச்சுப் பெருப்பிச்சவன். சதுரக் கோட்டை. இந்த மூலையிலை ஒரு கொத்தளம், எதிர் மூலையிலை ஒண்டு. யாழ்ப்பாணத்துக்குப் போற வழியை இதிலை இருந்துதான் காவல் காத்தவங்கள். கடைசியிலை இங்கிலிஷ்காரன் வந்து ஒரு தங்குமடமும் கட்டினவன்.”

கடலில் எடுத்த முருகைக்கல்லால் கட்டிய சுவரைத் தடவித் தடவிக் காட்டினார். முத்துலிங்கம் எழுதுவதுபோலக் கிறுக்கிக்கொண்டே நடந்தார்.

“ஒல்லாந்தர் போகேக்கை எல்லாத்தையும் கொண்டு போயிட்டினமோ?” என்று பட்டும் படாமலும் கேட்டார்.

அப்புத்துரை சிரித்தார். “சனம் ஒரு கதை கதைக்கும் ஐயா. தளபதி ஒரு பெட்டியைத் தாட்டுப்போட்டுப் போனவனாம். கோட்டைக்குள்ளை இல்லை, வெளியிலை. அந்தா, நாங்கள் இருக்கிற கொட்டிலுக்குப் பின்னாலை மூண்டு பனை தெரியுது, அதுக்கு நடுவிலையாம். பத்தடி ஆழமாம். விசர்க்கதை!”

“விசர்க்கதைதான்,” என்றார் முத்துலிங்கம். கை மட்டும் அந்த மூன்று பனையையும் புத்தகத்தில் வரைந்துகொண்டது. “நாளைக்கு வந்து கொஞ்சம் அளக்கலாமோ?”

“அளக்கலாம், அதுக்கென்ன. ஆனால் நான் நிக்கமாட்டன் ஐயா. நானும் மனிசியும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போறம். திரும்பி வர மூண்டு நாள் செல்லும்.”

முத்துலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்க வேறு வழி தெரியவில்லை.

மறுநாள் பரந்தனிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தார். கொட்டில் பூட்டிக் கிடந்தது. பின்பக்கத்தில் கல் இடிக்க அலவாங்கு, மண்வெட்டி, மண் அள்ளக் கடகம் எல்லாம் சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. சாமான்களை உள்ளே வைத்துப் பூட்டக்கூடத் தெரியாத மனிதன் என்று அப்புத்துரைக்காக அவர் பரிதாபப்பட்டார்.

பிறகு வெட்டத் தொடங்கினார்.

வாழ்க்கையில் மண்வெட்டி பிடித்தறியாத கை. மத்தியானத்துக்குள் கொப்பளித்தது. சால்வையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு வெட்டினார். ஏறி இறங்கப் படி வைத்து, கடகம் கடகமாக மண்ணைத் தூக்கிக் கொட்டினார். பின்னேர பஸ்ஸில் பரந்தனுக்குப் போய், காலைப் பஸ்ஸில் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

இரண்டாம் நாள், பக்கத்து வளவுச் சிவராசா சைக்கிளில் வந்து குழியின் ஓரத்தில் காலை ஊன்றினார். முத்துலிங்கம் அவசரமாகக் குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தார்.

“மண் ஆராய்ச்சி,” என்றார்.

“நல்லது, நல்லது. வெய்யில் ஏறமுன்னம் வெட்டுங்கோ ஐயா,” என்றுவிட்டுப் போன சிவராசா, கொஞ்ச நேரத்தில் ஒரு இளநீரும் சீவிக் கொண்டுவந்து கொடுத்தார். இப்படியும் அப்பாவிச் சனம் இருக்குமா என்று நினைக்க முத்துலிங்கத்துக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

எட்டடியில் பாறை தட்டியது. அழுகை வந்தது. ஆனால் பாறைக்குக் கீழேதானே தளபதி பத்திரமாக வைத்திருப்பான்? மூன்றாம் நாள் முழுவதும் அலவாங்கால் இடித்தார். மூன்று மணிபோலப் பாறை பிளந்தது. பெட்டி இல்லை. குபுகுபுவென்று தண்ணீர்தான் வந்தது. சேற்றுக்குள் கையை விட்டு நாலு மூலையும் துழாவினார். ஒன்றுமில்லை. தண்ணீர் முழங்காலைத் தாண்டியது.

அப்போதுதான் மேலே நிழல் தெரிந்தது. அப்புத்துரையும் மனைவி இராசேஸ்வரியும் நெற்றி நிறைய விபூதியோடு குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“ஐயோ, பொலிசுக்குச் சொல்லிப்போடாதேங்கோ!” முத்துலிங்கம் கை கூப்பினார். “நான் ஆராய்ச்சிக்காரன் இல்லை. அந்தப் பெட்டிக்கு ஆசைப்பட்டு வந்தனான். எனக்கு மூண்டு பொம்பிளைப் பிள்ளையள்...”

அப்புத்துரை கயிற்றில் ஒரு செம்பைக் கட்டிக் கீழே இறக்கினார்.

“அதிலை கொஞ்சம் அள்ளி விடுங்கோ ஐயா.”

முத்துலிங்கம் அள்ளிவிட்டார். அப்புத்துரை ஒரு மிடறு குடித்துவிட்டுச் செம்பை மனைவியிடம் நீட்டினார். அவள் வாயில் விட்டுப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“இஞ்சாருங்கோ, ஒரு துளி உப்பில்லை! போன வருஷம் பெட்டி தேடி வந்த டொக்குத்தர் பாறையைக் கண்டோடனை ஓடிட்டார், சிவராசாண்ணை வளவுக் கிணறு பாவம் இன்னும் அரைகுறையாக் கிடக்குது. அடுத்து வாற ஆளுக்குப் பெட்டி அங்கைதான் இருக்குதெண்டு சொல்லிவிடுங்கோ.”