விசில் ஊதியவன்

வெள்ள மீட்புக்காக அமெச்சூர் ரேடியோக்காரர்கள் பேசிய அலைவரிசையில் ஒருவன் வேண்டுமென்றே விசில் ஊதிக்கொண்டிருந்தான். உதவி கேட்ட ஒரு குடும்பத்தின் முகவரி அந்த விசிலில் அமுங்கிப்போனது. நால்வரும் மூழ்கினார்கள்.

மறுநாள் மதியம் வயர்லெஸ் இன்ஸ்பெக்டரும் டிரைவரும் அவன் மாடி வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"சும்மா வெளையாட்டுக்குத்தான் சார் ஊதினேன்" என்று சிரித்தான்.

இன்ஸ்பெக்டருக்குக் கோபம் தலைக்கேறியது. ஆன்டெனாக் குழாயைப் பிடுங்கி முதலில் கருவியை நொறுக்கினார். பிறகு அவனை அடித்தார். அவன் விழுந்த பின்பும் நிறுத்தவில்லை.

"போதும் சார், விட்டுடுங்க!"

கத்திக்கொண்டே டிரைவர் அவரை இழுத்துப் பார்த்தும் முடியவில்லை. ஆள் கூப்பிட, கீழே நின்ற ஜீப்புக்கு ஓடினார். அவர் மைக்கை எடுப்பதற்குள் ஜீப் ரேடியோவில் விசில் ஊதியவனின் குரல் நிதானமாகக் கேட்டது.

"அண்ணே, நான் செத்து அஞ்சு நிமிஷமாச்சு. அவர நிறுத்தச் சொல்லுங்க."

மாடியில் அடி விழுந்துகொண்டே இருந்தது.