பெயர் வெட்டிய தட்டு

பழமே வாங்காத வீட்டில் பழ ஈ.

அவர் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கொஞ்சம் வினிகர், ஒரு சிட்டிகை சர்க்கரை, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. டம்ளர் வாயில் காகிதக் கூம்பு. உள்ளே போகிற ஈக்கு வெளியே வரும் வழி தெரியாது.

சர்க்கரை நோய் வந்தபின் ஏழு வருடமாக இந்த வீட்டுக்குள் பழம் தங்கியதில்லை. குப்பை காலையிலேயே போய்விடுகிறது. பாத்திரம் கழுவும் தொட்டியை அவரே தேய்க்கிறார்.

பின் எங்கிருந்து?

அழுகல் ஒழுங்கில்லாத வீட்டில்தான் இருக்கும். இது அப்படிப்பட்ட வீடு அல்ல.

முதலில் மாடியில் குடியிருப்பவர்கள் மேல் சந்தேகம். நேற்று படியேறிப் போய் அவர்கள் குப்பைக்கூடையை எட்டிப் பார்த்தார். வெங்காயத் தோல் மட்டும் கிடந்தது.

அதனால் இன்று மூன்று டம்ளர். தொட்டி அருகே ஒன்று. ஜன்னலில் ஒன்று. சாமான் அறை வாசலில் ஒன்று. எதில் அதிகம் விழுகிறதோ, அந்தப் பக்கம்தான் மூலம்.

வடிவு சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே பார்த்தாள். தங்கை. நாற்பத்திரண்டு வயது. அம்மா போனபின் அவர் வளர்த்தவள். வீட்டில் இரண்டே பேர்.

"ஈயைப் பிடிக்கீகளா அண்ணே, இல்ல ஈகிட்ட சாட்சி கேக்கீகளா?"

"ஒண்ணும் இல்லாத இடத்துக்கு ஈ வராது."

சிரித்தாள். வழக்கமாகச் சிரித்ததும் நூலகத்துக்குக் கிளம்பிவிடுவாள். இன்று சற்று நின்றாள்.

"சாமான் அறையில எலிமருந்து வச்சிருக்கேன். கைய விட்றாதீக."

போய்விட்டாள்.

எலிமருந்து. இந்த வீட்டுக்கு எலி எப்போது வந்தது?

நாற்காலியைப் போட்டு டம்ளர்களுக்கு எதிரே உட்கார்ந்தார்.

ஒன்பது நாளாகவே ஏதோ சரியில்லை.

ஒன்பது நாளுக்கு முன், வெள்ளிக்கிழமை, அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். நூலகத்துப் புத்தகங்களுக்கு அட்டை கட்டிக் கொடுக்கும் குத்தாலிங்கமும் அவருடைய அக்காவும்.

ஒரே ஒரு தாம்பூலத் தட்டு. இந்த வீட்டுக்கு, ஒற்றைத் தட்டோடு.

தட்டை வைத்துக்கொண்டால் சம்மதம். அன்றைக்கே திருப்பிவிட்டால் இல்லை. வாயால் சொல்லி யாரும் யாரையும் நோகடிக்க வேண்டியதில்லை. பெரியவர்கள் வைத்த முறை.

"பொழுதடையறதுக்குள்ள கொடுத்தனுப்பிரு" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனார். திரும்பி வந்ததும் கேட்டார்.

"கொடுத்தாச்சுண்ணே."

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது அவள் தலையில் மல்லிகை. ஏது என்றார். கூட வேலை பார்க்கிறவள் கொடுத்தாள் என்றாள்.

வேலைக்குக் கிளம்பும்போதே.

புதன்கிழமை ரதவீதியில் குத்தாலிங்கம் சைக்கிளை விட்டு இறங்கிக் கும்பிட்டார்.

"வாங்க மச்சான்."

இல்லை என்று சொன்ன பிறகும் மச்சான். எவ்வளவு திமிர். பதில் சொல்லாமல் நடந்தார்.

உச்சிப்பொழுதில் எண்ணினார்.

தொட்டி, இரண்டு. ஜன்னல், ஒன்றுமில்லை. சாமான் அறை, முப்பத்தேழு.

உள்ளே போனார். எலிமருந்து எங்கும் இல்லை. மூலையில் பழைய அரிசி டிரம் இருந்தது. இரண்டு பேருக்கு எதற்கு மூட்டை அரிசி என்று அதை நிரப்புவதை நிறுத்தி வருடங்கள் ஆயிற்று. மூடியின் மேல் அம்மிக்குழவி.

மூடி சரியாக அமரவில்லை. இடுக்கிலிருந்து ஒரு ஈ வெளியே வந்தது.

குழவியை இறக்கினார். திறந்தார்.

முகத்தில் அறைந்தபடி ஈக்கள் அத்தனையும் பறந்தன.

பித்தளைத் தட்டு. கறுத்த வாழைப்பழங்கள். நீர்விட்ட திராட்சை. ஒரு பக்கம் குழிந்துபோன ஆப்பிள். சருகான வெற்றிலை. விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. குத்தாலிங்கம்.

பூ மட்டும் இல்லை.

திருப்பியும் கொடுக்கவில்லை. தூக்கியும் போடவில்லை.

அங்கேயே நின்றார்.

குத்தாலிங்கம் வீட்டில் ஒன்பது நாளாக இதற்குப் பெயர் சம்மதம். மச்சான் என்றது திமிர் அல்ல.

இனி இல்லை என்றால், தட்டை வைத்துக்கொண்டு பேச்சு மாறிய வீடு. அப்படி ஒரு சொல் இந்த வீட்டின் மேல் விழுந்ததில்லை.

அழுகியதோடு அனுப்ப முடியாது.

கழுவி வெறுந்தட்டாகவும் அனுப்ப முடியாது. பிறத்தியார் பாத்திரம் இங்கிருந்து வெறுமையாகப் போனதே இல்லை. அம்மா ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பாள்.

பழம் வைத்து அனுப்பினால்?

அது சம்மதித்த பெண் வீட்டின் பதில்.

மாடியிலிருந்து யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு பின்பக்கம் குழி தோண்டினார். பழங்களைப் போட்டு மண்ணைத் தள்ளி மிதித்தார். பிறகு புளி எடுத்துத் தட்டைத் தேய்த்தார். பெயருக்குள் இருந்த அழுக்குப் போகும்வரை தேய்த்தார்.

சாயங்காலம் வடிவு வந்தாள்.

தொட்டி அருகே கவிழ்த்து வைத்த தட்டு பளபளத்தது. அவள் டப்பாவைக் கீழே வைக்கவில்லை. செருப்பையும் கழற்றியிருக்கவில்லை.

அவர் அவளைப் பார்க்காமல் மூன்று டம்ளர்களையும் தொட்டியில் கொட்டினார்.

"காலையில பழம் வாங்கணும்."

டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தார்.

"பூ எத்தன முழம் வைக்கணும்?"

மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"அவுக... ரெண்டு முழம் வச்சிருந்தாக."

அவர் தட்டை நிமிர்த்தினார். பெயர் தெரியும்படி திருப்பி வைத்தார்.

"அப்ப நாம நாலு."