வீட்டில் ஆறு பேர்

“சத்தம் போடாதீங்க. அக்கா எழுதுறாங்கல்ல?”

உள்ளறையைப் பார்த்து அதட்டிவிட்டு, குப்பை வண்டிக்காரரின் மனைவி வாசற்படியில் உட்கார்ந்தாள்.

கணக்கெடுக்க வந்தவளுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. வெயில் மண்டையைப் பிளக்கும் நேரம். காது அடைத்திருக்கும் என்று விட்டுவிட்டாள்.

மனசு மட்டும் குளிர்ந்திருந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால் இந்தப் பகுதியைக் கணக்கெடுத்தவளும் அவள்தான். மேட்டுத் தெருவில் பத்து வீட்டுக்கு ஒரு வீடு ஏழை. துப்புரவுக்காரர்கள் குடியிருக்கும் இந்த ஓடையோரத் தெருவில் பத்துக்கு ஒன்பது.

இன்றோ, காலையிலிருந்து இதே தெருவில் எழுதிய பத்து வீட்டில் எட்டு வறுமைக்கோட்டைத் தாண்டியிருந்தன. எட்டு முறையும் கையிலிருந்த கருவி பச்சை காட்டியது.

அதே கூலி, அதே தகரக் கூரை. எப்படி என்று அவள் தலையைப் பிய்த்துக்கொள்ளவில்லை. யார் செய்த புண்ணியமோ.

“வீட்டுல எத்தனை பேரு?”

“ஆறுங்க. நாங்க ரெண்டு பேரு, மாமியாரு. பெரியவளுக்கு ஒம்பது, நடுவுலவளுக்கு ஆறு, கடைக்குட்டிக்கு நாலு.”

கூலியையும் கேட்டு எழுதினாள். கருவி அதை ஆறு தலைக்கும் பங்கு போட்டுச் சிவப்பு காட்டியது.

இந்த வீடு இன்னும் கிடந்த இடத்திலேயே கிடக்கிறதே என்று பழைய பதிவைத் திறந்தாள்.

ஒன்பது. ஆறு. நான்கு.

“இது போன தடவை சொன்ன வயசுல்ல?”

“அதுக்கப்புறம் அவங்களுக்கு வயசு ஏறலைங்க. அந்த மழைக்கு ஓடை வீட்டுக்குள்ள வந்துச்சு. பின்னாலேயே காய்ச்சல். தெருவுல வீட்டுக்கு ரெண்டு, மூணு பிள்ளைங்க. மத்தவங்க சொல்லலையா?”

சொல்லவில்லை. இப்போது இருக்கிறவர்களை மட்டும் சொன்னால் போதும் என்று ஒவ்வொரு வாசலிலும் இவள்தான் அவசரப்படுத்தியிருந்தாள்.

உள்ளறையை எட்டிப் பார்த்தாள். சுவரோரம் சுருட்டி வைத்த பாய் ஒன்று. வேறு ஈ, எறும்புகூட இல்லை.

“பேரை எடுத்துடாதீங்கக்கா. பயந்துக்குவாங்க.”

விதி விதிதான். பெரியவளை அழித்தாள். சிவப்பு.

நடுவுலவளை அழித்தாள். அப்போதும் சிவப்பு.

கடைக்குட்டியை அழித்ததும், வீடு கோட்டைத் தாண்டியது.