பஹ்ரோம் ஊட்டிய கேரட்

"கேரட்ட மட்டும் ஒதுக்குறியே, எங்கேருந்து வந்துச்சு இந்தப் பழக்கம்?" சமர்கந்தில் கல்யாண வீடுகளுக்குப் புலாவ் சமைக்கும் பஹ்ரோம், ஐந்து வயது மகள் நிகினாவைக் கடிந்துகொண்டான். "ஊரே நான் நறுக்கற கேரட்டுக்காகத்தான் வருது."

நிகினா வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"கையால ஊட்டுனா மறுக்கக் கூடாது. அதுதான் நம்ம வழக்கம். ம், வாயத் திற."

தட்டில் ரொட்டிக்குப் பக்கத்திலிருந்த புலாவிலிருந்து கேரட்டாகப் பொறுக்கி ஒரு பிடி ஊட்டினான். முகத்தைச் சுளித்தபடியே மென்று விழுங்கினாள்.

"இப்ப நான் ஊட்டுவேன்," என்று அவளும் ஒரு பிடி கேரட்டைத் திரட்டி நீட்டினாள்.

பஹ்ரோம் தயங்கி மனைவியைப் பார்த்தான்.

"ஊட்டுனா மறுக்கக் கூடாதாம். இப்பத்தான் ஒருத்தர் சொன்னாரு," என்றாள் அவள்.

வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தான்.

"முழுங்கிடுப்பா," என்றாள் நிகினா. "தினமும் பண்ற மாதிரி ரொட்டிக்கு அடியில ஒளிக்காத."