எலி எச்சில்

கிட்ட வந்து உட்காருங்க. எச்சிலைப் பற்றின கதை இது, சாப்பாட்டை முடித்துவிட்டுக் கேட்டால் நல்லது.

செயின்ட் லூயிஸில் ஓர் ஆராய்ச்சிக்கூடம். லோர்னாவும் டெஸ்மண்டும் அங்கே, முட்டைக்குள் வளரும் கோழிக்கருவிலிருந்து நரம்பு முடிச்சை எடுத்துத் தட்டில் வைப்பார்கள். ஆண் எலியின் எச்சில் சுரப்பியில் வடித்த சத்தை ஒரு சொட்டு விட்டால், மறுநாள் முடிச்சைச் சுற்றிச் சூரியக் கதிர் மாதிரி நரம்பிழைகள் கிளம்பும். விடாவிட்டால் முடிச்சு செத்துப்போகும்.

பேராசிரியர் க்ராட்ஸ் இருவரையும் கூப்பிட்டார். இனிமேல் ஒருவருக்குத்தான் வேலையாம். சத்தும் தீர்ந்துவிட்டதாம். ஒரு தட்டுக்கு மட்டும் காணுகிற சின்னக் குப்பியை நீட்டினார்.

"கருவுக்குள்ளயும் இதே கதைதான். வலி உணர்ற நரம்பெல்லாம் சத்தைத் தேடித் தோல் பக்கம் ஓடும். கிடைக்காதது பிறக்குறதுக்கு முந்தியே சாகும். வெள்ளிக்கிழமை யார் தட்டுல சூரியனோ, அவங்களுக்கு வேலை. இதை விட்டா இந்தக் கட்டடத்துலயே சொட்டு கிடையாது."

லோர்னா மகளை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்து ஒரு மாசம்கூட ஆகவில்லை.

வியாழன் காலை அவள் வந்தபோது, டெஸ்மண்ட் ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டு நின்றான். குப்பி காலி.

"பூராவும் உனக்கேவா?"

"பசிச்சுது," என்றான், கூச்சமே இல்லாமல்.

அன்று பூரா கேண்டீனில் லோர்னா அவன் மானத்தை வாங்கினாள். இவனுக்கு எலியே தேவலை, அது எச்சிலையாவது கொடுக்கிறது என்றாள்.

வெள்ளிக்கிழமை நன்கொடை தருகிறவர்கள் வந்தார்கள். க்ராட்ஸ் முதலில் தன் சொந்தத் தட்டைப் பெருமையாகக் காட்டினார். அவர்களில் ஒருவரான மிஸஸ் ஓபர்மேன் குனிந்து பார்த்தார்.

"பொட்டலா இருக்கே?"

டெஸ்மண்ட் தட்டில் சூரியன். லோர்னா தட்டிலும் சூரியன். அவளே நம்பாமல் மறுபடி பார்த்தாள்.

க்ராட்ஸ் முகம் சிவந்தது. "எவன் என் பாட்டி..." என்று ஆரம்பித்தவர், 'ல்' வருவதற்குள் வாயை மூடிக்கொண்டார்.

"உங்க பாட்டிக்கு என்ன, ப்ரொஃபசர்?" என்றான் டெஸ்மண்ட், ரொம்ப அக்கறையாக.

சூரியன் வந்தவர்களுக்கு வேலை என்று சொன்னீர்களே, இரண்டு வந்திருக்கிறதே என்று மிஸஸ் ஓபர்மேன் பிடித்துக்கொண்டார். க்ராட்ஸ் தலையாட்ட வேண்டியதாயிற்று.

எல்லோரும் போனதும் லோர்னா அவன் கையைப் பிடித்தாள். "எப்படிடா?"

டெஸ்மண்ட் ஃப்ரிட்ஜைத் திறந்தான். க்ராட்ஸின் சாண்ட்விச் பொட்டலத்துக்குப் பின்னாலிருந்து பெரிய பாட்டில் ஒன்றை எடுத்தான்.

"குப்பி பூரா உன் தட்டுக்கு. எனக்கு இதுலேர்ந்து, க்ராட்ஸ் ஒளிச்சு வச்சிருந்த சத்து. மிச்சத்தை உன் அலமாரியில ஒளிச்சு வச்சிருக்கேன்."

"இது நிறைய இருக்கே?"

"இப்ப இருக்கிறது உப்புத் தண்ணி. நேத்து மத்தியானம் மனுஷன் கதவைச் சாத்திக்கிட்டுத் தன் தட்டுக்கு விட்டது இதைத்தான்."

லோர்னாவுக்குத் தான் கேண்டீனில் பேசியதெல்லாம் ஞாபகம் வந்தது.

அவன் பாட்டிலைப் பழைய இடத்திலேயே வைத்தான். சாண்ட்விச்சைப் பிரித்து ஒரு கடி கடித்தான். மறுபடி அழகாகச் சுற்றி வைத்து, கதவைச் சாத்தினான்.