ஆணி அடிக்கலாம்

பதினோரு வாடகை வீடுகளிலும் ஒரே சட்டம்தான்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. இருபத்தாறு வருஷமாகத் தினசரி காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டவள் மரகதவல்லி. வாடகை கட்டுப்படியாகாமல், கடைசியாகத் திரும்பி வந்த அட்வான்ஸில் பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கி, அவளும் கணவர் குமரேசனும் அதிலேயே குடியேறினார்கள். அடுப்பை ஏற்றும் முன்பே தகரச் சுவரில் ஓங்கி ஓர் ஆணி அடித்தாள். காலண்டர் வளைவுக்கு வளைவு ஆடியது. முதல் மழையில் ஆணி வழியே தண்ணீர் கசிந்து தேதி நனைந்தது.

“உருவிட்டு ஓட்டைய அடைச்சிரட்டுமா?” என்றார் குமரேசன்.

“கை வெச்சுப் பாருங்க!”

ஆணிக்கு நேர் கீழே ஒரு டம்ளரை வைத்தாள். சுத்தியலை எடுத்தாள். இன்னோர் ஆணியைப் பல்லில் கவ்விக்கொண்டு எதிர்ச்சுவரைத் தட்டிப் பார்த்தாள். குமரேசன் அடுத்த டம்ளரைத் தேடினார்.