தோளில் ஒரு ஊக்கு

வனஜா பார்சலைப் பிரித்ததும் அலமாரியிலிருந்து அரக்கு ரவிக்கை எட்டிப் பார்த்தது. வனஜாவின் அரக்குப் பட்டுப்புடவை ஒன்றின் நுனியில் வெட்டித் தைத்த ரவிக்கை அது. வனஜா இணையத்தில் அந்தப் புடவையை விற்றபோது, வாங்குபவளுக்கு அளவு சேராதென்று ரவிக்கை மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. வாங்கியவள் இப்போது, "இது அசல் பட்டில்லை" என்று புடவையைத் திருப்பி அனுப்பியிருந்தாள்.

"வந்துட்டியா?" என்றது ரவிக்கை.

"நான் அவ இல்லை" என்றது வெளியே வந்த அரக்குப் புடவை. "அவ அங்கேயே இருக்கா. அவளுக்குப் பதிலா என்னை மடிச்சு அனுப்பிட்டாங்க."

"நீ பட்டா?"

"பாலியஸ்டர். அந்த வீட்டுல இத்தனை வருஷம் யாரும் இதைக் கேட்டதில்லை. நல்ல நாள்னா என்னைத்தான் கட்டுவாங்க. பாரு, தோள்ல குத்தின ஊக்கைக்கூடக் கழட்ட மறந்துட்டாங்க."

வனஜா ரவிக்கையைப் புடவைமேல் விரித்தாள். நெசவு ஒத்துப்போகவில்லை. இரண்டையும் சேர்த்துப் படமெடுத்து விற்பனைத் தளத்துக்கு முறையீடு அனுப்பினாள்.

"இதைப் பார்த்தா அவளை வரவழைச்சிடுவாங்க" என்றது ரவிக்கை.

"அப்ப என்னை?"



மாலையில் தளத்தின் பதில் வந்தது. அனுப்பும் முன் அசல் புடவையையும் ரவிக்கையையும் சேர்த்து எடுத்த படம் இல்லாததால் முறையீடு நிராகரிக்கப்பட்டது.

வனஜா இரண்டையும் ஒரே ஹேங்கரில் மாட்டிக் கதவைச் சாத்தினாள். பிறகு ரவிக்கை மெல்ல நகர்ந்து, அந்த ஊக்குக்கு நேராகத் தன் தோளை வைத்துக்கொண்டது.